உங்களைப் பற்றி நாலு வரி

போன மாதம் அருமனை போயிருந்தேன். மழை விட்ட சாயங்காலம். ரப்பர் ஷீட் காயும் வாடை. சித்தி மகள் வீட்டுத் திண்ணையில் கட்டன் சாயாவோடு உட்கார்ந்திருந்தபோது, அவள் மகன் செல்போனை நீட்டினான். குவைத்தில் ஏசி மெக்கானிக். லீவில் வந்திருக்கிறான்.

"மாமா, இதை ஒண்ணு வாசிச்சுப் பாருங்க. நாலு மாசமா ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கல்ல."

கல்யாண இணையதளத்தில் அவன் தன்னைப் பற்றி எழுதிய குறிப்பு. ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இது: எளிமையானவன், நேர்மையானவன், குடும்பப் பாங்கானவன். இசை, பயணம், சினிமா பிடிக்கும். கோதுமை நிறம். அப்பா பிசினஸ்.

நானும் ஒரு விமரிசகன் அல்லவா? கவிதைத் தொகுதியை வாசிப்பதுபோல அதை வாசித்தேன். பிறகு அதே தளத்தில் இன்னும் முப்பது குறிப்புகள். எல்லாம் ஒரே ஆள் எழுதியதுபோல இருந்தன!

இதற்கு ஒரு வரலாறு உண்டு. பத்திரிகை வரன் விளம்பரத்துக்கு வரிக்கு இவ்வளவு என்று காசு. அதனால் சொற்களைச் சுருக்கினார்கள். 1997ல் அமெரிக்காவில் இருந்த முருகவேல் ஜானகிராமன் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதன் வரன் பகுதியிலிருந்து வளர்ந்ததுதான் பாரத் மேட்ரிமோனி. அவரே அதன்மூலம்தான் பெண் பார்த்துக்கொண்டார். இணையத்தில் வரிக்குக் காசில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் நாம் பழைய விளம்பரச் சொற்களையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஒரு சின்னப் பரீட்சை சொல்கிறேன். நீங்கள் எழுதிய வரியை எதிர்ப்பதமாக்கிப் பாருங்கள். 'நான் நேர்மையற்றவன், எனக்கு இசை பிடிக்காது' என்று எவனாவது எழுதுவானா? மாட்டான். அப்படியானால் உங்கள் வரியும் எதையும் சொல்லவில்லை. அடித்துவிடுங்கள்.

கோதுமை நிறத்துக்கு வருவோம். கோதுமையே விளையாத குமரி மாவட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு எப்படி இந்த நிறம் வந்தது? ஷாதி டாட் காம் தளத்தில் நிறத்தை வைத்து ஆளைச் சலித்தெடுக்க ஒரு வசதி இருந்தது. வெளிநாடுகளில் வாழும் இந்தியப் பெண்கள் எதிர்ப்புக் கிளப்பிய பிறகு, 2020 ஜூனில் அதை எடுத்தார்கள். தளத்திலிருந்து எடுத்தாயிற்று. நம் மனசிலிருந்து?

பொய் சொல்வது நம் ஊருக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை. ஹான்காக், டோமா, எலிசன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007ல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க்கில் இணையம் வழியாகத் துணை தேடிய 80 பேரை அழைத்து, உயரமும் எடையும் அளந்து, வயதுக்குச் சான்று பார்த்தார்கள். பத்தில் எட்டுப் பேர் ஏதாவது ஒன்றில் கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தார்கள். ஆனால் பெரும்பாலும் சின்னப் பொய்கள்தான். நேரில் பார்க்கும்போது மாட்டிக்கொள்ளக் கூடாதே!

நம் பையனின் பொய் அந்த ரகமில்லை.

"அப்பா என்ன பிசினஸ் மக்கா?"

பேசாமல் இருந்தான். அவன் அப்பா முப்பது வருஷமாக அடுத்தவர் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். அதனால் இருட்டோடு தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போகிற மனுஷர்.

"பால்வெட்டுன்னு போட்டா எவன் பெண்ணு தருவான்?"

நியாயமான கேள்வி. பதில் எனக்கும் தெரியாது. ஆனால் பெண் வீட்டார் வேனில் வந்து இறங்கும்போது அப்பாவின் விரல் காட்டிக்கொடுத்துவிடாதா? அன்றைக்கு அவரை எந்த அறையில் ஒளித்துவைப்பாய் என்று கேட்டேன். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சங்க இலக்கியத்தில் மடலேறுதல் என்று ஒன்று உண்டு. காதல் கைகூடாதவன், பனைமடல் குதிரையில் ஏறி, காதலியின் படத்தை ஏந்தி ஊர்த் தெருவுக்கு வருவேன் என்பான். அவன் விளம்பரப்படுத்தத் துணிவது தன் பெருமையை அல்ல, தன் இல்லாமையை. அதனால்தான் இரண்டாயிரம் வருஷம் கழித்தும் அவனை நம்புகிறோம்.

இரண்டு பேருமாக உட்கார்ந்து திருத்தினோம். 'அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. பள்ளிக்கூட லீவு நாளில் அவரோடு போய் சிரட்டை கழுவியிருக்கிறேன். ஏசி ரிப்பேர் செய்யத் தெரியும், சமைக்கத் தெரியாது, கற்றுக்கொள்ளத் தயார். ஊருக்கே திரும்பி வந்து கடை போட ஆசை.' அவ்வளவுதான். இதை வேறு எவனும் தன் பெயரில் போட்டுக்கொள்ள முடியாது. நல்ல எழுத்துக்கு இதைவிடப் பெரிய இலக்கணம் எனக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தேன். பால்வெட்டு அப்படியே இருந்தது. சந்தோஷம். கூடவே கோதுமை நிறமும் திரும்ப வந்திருந்தது.

போன் போட்டேன். "அம்மை சேத்துட்டா மாமா" என்றான்.