தோம்பில் ஏறாத பெயர்கள்

அன்புவழிபுரத்து மாணவன் ஒருவன் தன் முப்பாட்டனைத் தேடிப் புறப்பட்டால் எங்கே போவான்? திருகோணமலைக் கல்லறைத் தோட்டத்தில் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஆஸ்டினின் கல்லறை உண்டு. அவர் இறந்தது 1852இல். இலங்கையின் இத்தகைய கல்லறை எழுத்துக்களைப் பென்றி லூயிஸ் 1913இல் தனி நூலாகவே தொகுத்தார். அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்குக் கல்லும் இல்லை, நூலும் இல்லை.

தேவாலயப் பதிவேடுகள் இக்குறையைத் தீர்க்கும் என்பார்கள். ஓரளவுக்கு உண்மையே. ஒல்லாந்தர் ஆண்ட பகுதிகளில் பள்ளித் தோம்புகள் இருந்தன. உபாத்தியாயர்கள் அவற்றில் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் எழுதி வைத்தனர். விவாகம் பதிவாகாவிடில் பிள்ளைகளின் முதுசம் கேள்விக்குள்ளாகும்; உத்தியோகத்துக்கும் ஞானஸ்நானம் வேண்டும். ஆகவே வீட்டில் சைவராக வாழ்ந்தோரும் ஏட்டில் கிறிஸ்தவரானார்கள். இன்றைய சைவக் குடும்பத்தின் முன்னோன் ஒருவன் அங்கே வேறு பெயரில் இருக்கக் கூடும். கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இத்தோம்புகளைக் காணலாம்.

ஆயினும் இவ்வேடுகளைக் கொண்டு எழுதப்பெறும் வமிச வரலாறுகளைப் பற்றியே நம் வழக்கு. 1908இல் தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் பல குடும்பங்களின் வமிசாவளியை உழைத்து வெளியிட்டது. அவ்வுழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால், ஐரோப்பியத் தந்தைவழியே அங்கு அளவுகோல். அவ்வழியில் வந்து சேர்ந்த உள்ளூர்த் தாய்மார் ஓரத்துக் குறிப்பாகி விடுகிறார்கள். நம்மவர் எழுதும் குடும்ப வரலாறுகளும் இதற்கு விலக்கல்ல. முதலியாரும் உடையாரும் முன்னோராகக் கிடைத்ததும் தேடல் நின்றுவிடுகிறது. 1844 வரை இந்நாட்டில் சட்டம் அனுமதித்த அடிமைகளை யார் தம் பாட்டனென்று தேடினார்கள்?

தோம்பு என்பது ஆண்டவன் எழுதிய ஏடு அல்ல. வரியும் வாரிசும் கணக்கிட ஆள்வோர் எழுதிய ஏடு. அதை எறிந்துவிடச் சொல்லவில்லை. யாருக்காக எழுதப்பட்டது, யாரை விட்டது என்று கேட்டுப் படிக்கச் சொல்கிறோம்.

இது வெறும் வமிசப் பெருமைக் கேள்வியன்று. 1983 ஜூலையில் திருகோணமலையில் வீடுகள் எரிந்தபோது பிறப்புச் சான்றும் காணி உறுதியும் சேர்ந்தே எரிந்தன. காகிதம் இழந்தவனுக்கு ஒரு பதிவேட்டின் ஒற்றை வரி, தான் இம்மண்ணுக்கு உரியவன் என்பதற்குச் சாட்சியாகும். எந்த ஏட்டிலும் ஏறாதவனுக்கோ முதியோரின் நாவே ஏடு. ஆசிரியர்களே, அந்த நா ஓய்வதற்குள் மாணவர்களை அவர்களிடம் அனுப்புங்கள். தாயின் பெயரையும், செய்த தொழிலையும் தவறாது எழுதி வரச் சொல்லுங்கள்.