பதின்மூன்று தட்டுகளும் ஒரு இலையும்

போன வருஷம் நானும் மனைவியும் நான்கு முறை டேஸ்டிங் மெனு சாப்பிட்டோம். மூன்று சென்னையில், ஒன்று பெங்களூரில். நான்குமே நம்மூர்ச் சமையலைச் சின்னச் சின்னத் தட்டுகளாக, வரிசையாகக் கொண்டுவரும் வகை. வருஷக் கடைசியில் இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து, ஞாபகத்தில் நிற்பவற்றை மட்டும் எழுதினோம். மெனு கார்டைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. மொத்தம் 40-க்குப் பக்கம் தட்டுகள் வந்திருக்கும். இரண்டு பட்டியலிலும் இருந்தவை நான்கே நான்கு. ஏன் அந்த நான்கு என்று யோசித்ததில் தேறிய குறிப்புகள் இவை.

முதலாவது ரசம். கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவில் 2017-இல் தொடங்கிய ஆவர்த்தனாவின் அடையாளமே அந்தத் தக்காளி ரசம்தான். காபி வடிக்கும் ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸில் பச்சிலைகளைப் போட்டு, தெளிந்த ரசத்தை அதில் ஊறவிட்டு, மேஜையிலேயே வடித்துத் தருகிறார்கள். பார்த்தால் ரசம் என்றே சொல்ல முடியாது. குடித்தால் வேறெதுவும் சொல்ல முடியாது. கண்ணாடிக் கோப்பை வித்தை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் ரசம் எப்போதுமே தனியாகக் குடிக்கக்கூடிய பண்டம். கல்யாணப் பந்தியில் உள்ளங்கையைக் குழித்து வாங்கிக் குடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சோற்றிலிருந்து பிரித்தாலும் அதற்கு உயிர் இருக்கிறது.

இரண்டாவது, அதே ஆவர்த்தனாவின் சோம்பு பன்னா கோட்டா. முட்டை வடிவில் ஒரு கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். சாப்பிட்டு முடித்ததும் நாம் வாயில் போட்டுக்கொள்ளும் அதே சோம்பு, இங்கே இனிப்பாகிவிட்டது. மூன்றாவது, பெங்களூரில் சாப்பிட்ட இடியாப்பமும் தேங்காய்ப்பால் ஸ்டூவும். இரண்டும் சேர்ந்தால் அதுவே முழுச் சாப்பாடு, வேறு துணை வேண்டாம்.

நான்காவது ஞாபகத்தில் நிற்பது வேறு காரணத்துக்காக. பெயர் வேண்டாம், ஓரிடத்தில் வத்தக்குழம்பைத் தட்டில் பிரஷ்ஷால் தீட்டியதுபோல் இழுத்து, ஓரத்தில் மூன்று ஸ்பூன் சோறு வைத்திருந்தார்கள். குழம்பு நன்றாகவே காய்ச்சியிருந்தது. சிக்கல் கைப்பக்குவத்தில் இல்லை, வடிவத்தில். வத்தக்குழம்பின் புளிப்பும் உப்பும் ஒரு கைப்பிடிச் சோற்றையும் நல்லெண்ணெயையும் சுட்ட அப்பளத்தையும் கணக்கில் வைத்துப் போடப்பட்டவை. அவற்றைக் கழித்துவிட்டால் மிச்சம் காரமும் உப்பும்தான். கூட்டு, பொரியல், பச்சடி எல்லாவற்றுக்கும் இதே கதி. அவை தொடுகறிகள். தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாதபோது அவை பாதி வாக்கியம்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய விருந்துகளிலும் முன்பு பல பண்டங்களை ஒரே நேரத்தில் மேஜையில் பரப்பி வைப்பதுதான் வழக்கம். அதற்குப் பிரெஞ்சு முறை என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில்தான் ஒன்றன்பின் ஒன்றாக, ஆளுக்கு அளவாகப் பரிமாறும் ரஷ்ய முறை அங்கே பரவியது. சூடு ஆறாது என்பது அதன் பெரிய லாபம். இன்றைய டேஸ்டிங் மெனு அதன் பேரன்.

நம் இலைச் சாப்பாடு இரண்டும் கலந்தது. தொடுகறிகள் எல்லாம் இலையின் மேல்பாதியில் ஒரே நேரத்தில் இருக்கும். சோறு மட்டும் சாம்பார், ரசம், மோர் என்று வரிசைப்படி வரும். ரசத்துக்கு எந்தப் பொரியல், எவ்வளவு, எப்போது என்பதை முடிவு செய்வது சாப்பிடுபவரின் விரல்கள். அதாவது சமையலின் கடைசிக் கட்டம் இலையில் நடக்கிறது. டேஸ்டிங் மெனுவில் அந்தக் கட்டத்தையும் சமையல்காரரே எடுத்துக்கொள்கிறார்.

உயர்தரம் என்றால் இந்த வடிவம்தான் என்று கட்டாயமும் இல்லை. நத்தத்துக்காரரான விஜய் குமார் நியூயார்க்கில் நடத்தும் செம்மா உணவகம் 2022-இல் மிஷெலின் நட்சத்திரம் பெற்றது. 2025-இல் அவருக்கு ஜேம்ஸ் பியர்ட் விருதும் கிடைத்தது. அங்கே மெனுவைப் பார்த்து வேண்டியதைக் கேட்டு வாங்கலாம். அந்தப் பட்டியலில் நத்தைப் பிரட்டலும் உண்டு. கிராமத்துச் சமையலைத் துளித்துளியாக்காமலேயே அது நடந்திருக்கிறது.

இதுவரை எழுதியதை மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவள் கேட்டது: "ஏங்க, இலையப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கீங்க. அந்த இலையில பரிமாறினவங்க எப்ப சாப்பிட்டாங்க?"

அவள் பட்டியலில் என் பட்டியலில் இல்லாத ஒரு வரி இருந்தது. அது உணவே இல்லை: 'ரெண்டு தட்டும் ஒண்ணா வந்தது.' நல்ல ஃபைன் டைனிங்கில் இது கண்டிப்பான விதி. ஒரே மேஜைக்கு உரிய தட்டுகள் ஒரே நேரத்தில் வைக்கப்பட வேண்டும். இருவரும் ஒரே சூட்டில், ஒரே பண்டத்தை, ஒரே நேரத்தில் சாப்பிடுகிறோம். வீட்டில் அது எத்தனை நாள் நடக்கும்? தோசை நாள் சுத்தமான ரஷ்ய முறைதான், ஒவ்வொன்றாகச் சுடச்சுட வரும். ஆனால் கல்லின் முன் நிற்பவர் (எங்கள் வீட்டில் பெரும்பாலும் அவள், ஞாயிறுகளில் நான்) கடைசியில் தனியாகச் சாப்பிட வேண்டியதுதான். விருந்து என்றால் பரிமாறியவர்களுக்குக் கடைசிப் பந்தி.

ஆக, சமையல் வடிவமாக டேஸ்டிங் மெனு நம் உணவில் சிலவற்றுக்குத்தான் பொருந்துகிறது. தனியே நிற்கும் ரசம், இடியாப்பம், இனிப்பு சரி, தொடுகறிகளுக்கு ஆகாது. பரிமாறும் முறையாக, இலையால் தர முடியாத ஒன்றை அது தருகிறது. இலையின் பெருமையைப் பேசுபவர்கள் பெரும்பாலும் முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒருமுறை போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: ஆவர்த்தனாவில் 7-இலிருந்து 13 கோர்ஸ் வரை மெனு உண்டு. 7 போதும், ரசம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் இந்த வருஷம் ஒருமுறைதான் போகிறோம். இண்டக்‌ஷன் அடுப்பைச் சாப்பாட்டு மேஜைக்கே கொண்டுவந்துவிட்டோம். உட்கார்ந்தபடியே தோசை வார்த்து ஆளுக்குப் பாதி. கொஞ்சம் புகைகிறது, பரவாயில்லை.