ஸ்வெட்டர் லேபிளில் இல்லாத ஆறாவது குறி

புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதுகிறார்கள். நான் ஒரு துணி லேபிளுக்கு எழுதப் போகிறேன். இரண்டு விரல் அகலம், ஐந்து படம், நாலு வார்த்தை. அவ்வளவுதான் மூலப்பிரதி.

ஆன்சைட்டில் இருந்தபோது அப்பாவும் அம்மாவும் வந்து மூன்று மாதம் தங்கினார்கள். குளிர் தாங்காத அப்பாவுக்கு ஒரு கேஷ்மியர் ஸ்வெட்டர் வாங்கினேன். ஊருக்குத் திரும்பின பிறகும் மார்கழி விடியக்காலையில் வாக்கிங் போக அதைத்தான் மாட்டுவார். அவர் போன பிறகு துவைத்து வைக்கலாமென்று எடுத்தேன். "எதுக்குய்யா தொவைக்க, அப்படியே இருக்கட்டும்" என்றாள் அம்மா. அவர் வாசனை அதில் இருந்தது. வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் கவரிலேயே மடித்துப் போட்டு, நாலு அந்துருண்டையும் போட்டு, ஸ்டீல் பீரோவில் வைத்துவிட்டோம். இரண்டு ஐப்பசி மழை கழிந்து திறந்தால் நெஞ்சுப் பக்கம் மூன்று ஓட்டை, கழுத்துப் பட்டையில் இரண்டு. நெஞ்சில் இருப்பது அப்பா காபி சிந்திய இடம்.

லேபிளில் சொன்ன எதையும் நாங்கள் மீறவில்லை என்பதுதான் விஷயம்.

லேபிள் படங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 3758 என்று ஒரு தரநிர்ணயம் இருக்கிறது. தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப் பெட்டி, வட்டம். துவைப்பது, பிளீச், காயவைப்பது, தேய்ப்பது, கடைச் சலவை. எடுத்து வைப்பதற்கு ஆறாவதாக ஒரு படம் கிடையாது. வாரா வாரம் ஸ்வெட்டர் போடுகிற ஊர்க்காரனுக்கு அது பெரிய குறையில்லை. நமக்கோ வருஷத்தில் பத்து நாள் உடுத்து, மிச்சம் 355 நாள் பீரோவில். எங்கள் பாஷையில் சொன்னால், எட்ஜ் கேஸை மட்டும் டாக்குமென்ட் பண்ணிவிட்டு மெயின் ஃப்ளோவை விட்டுவிட்டார்கள்.

இருக்கிற ஐந்தும்கூட இங்கே வந்ததும் அர்த்தம் மாறுகின்றன. தொட்டிக்குள் 30 என்று போட்டிருந்தால் தண்ணீர் அதற்கு மேல் சூடாகக் கூடாது என்று பொருள். அக்னி நட்சத்திரத்தில் மதியம் ரெண்டு மணிக்கு மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள்! கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்குகள் உண்டு. சூடும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும், ஸ்வெட்டர் சுருங்கிக் கெட்டியாகும், பிறகு பிரியாது. ஆகவே விடியக்காலைத் தண்ணீர். போர் தண்ணீரில் சோப்பு திரிந்து பிசுக்காக ஒட்டும், கிடைத்தால் ஆற்றுத் தண்ணீர். தாமிரபரணிக்காரனுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கர்வம் இருக்கலாம், தப்பில்லை.

சோப்புத் தூளைத் தவிர்க்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கேஷ்மியர் என்பது லடாக்கின் சாங்தாங் போன்ற குளிர் மேட்டுநிலங்களில் வளரும் ஆட்டின் அடிமயிர், சராசரியாக 19 மைக்ரானுக்கு மேல் தடிமன் இருக்காது. நம் தலைமுடி மாதிரி அதுவும் கெரட்டின், அதாவது புரதம். புரதக் கறையை வெட்டுவதற்காகச் சலவைத் தூளில் போடும் என்சைம் கறையோடு துணியையும் வெட்டும். காஷ்மீரில் சால்வைகளைத் துவைப்பது பூந்திக்கொட்டையில். நம் ஆச்சிமார் பட்டுக்குப் போட்டதும் அதுதான். கிடைக்காவிட்டால் ஷாம்பு போதும். பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, தொங்கவிடாமல் நிழலில் பரப்பவேண்டும். அதற்கு நார்க்கட்டிலை மிஞ்சின சாதனம் இல்லை, கீழேயிருந்தும் காற்று வரும். ஆடிக் காற்றில் சீக்கிரமே காய்ந்துவிடும்.

ஆனால் கோட்டை விட்டது துவைப்பதில் இல்லை, வைப்பதில். இது பற்றித் தமிழில் கிடைக்கும் குறிப்புகளையும் கொஞ்சம் திட்டவேண்டும். "குளிர்காலம் முடிந்ததும் சுத்தம் செய்து, தேவதாரு கட்டையுடன் வைக்கவும்." எந்தக் குளிர்காலம்? எந்த தேவதாரு? லண்டனில் எழுதினதை அப்படியே பெயர்த்தால் இப்படித்தான் வரும். குளிர் ஊரில் அந்துப்பூச்சி மெதுவாகப் பெருகும், இங்கே வருஷம் முழுக்கப் பெருகும். நம் வீட்டுச் சுவரில் சாம்பல் நிறத்தில், வெள்ளரி விதை மாதிரி ஒரு கூடு ஒட்டி ஊர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்களே? அதுவும் இந்தக் குடும்பம்தான். ஒட்டடையும் உதிர்ந்த முடியும் அதன் சாப்பாடு, கம்பளி கிடைத்தால் அதையும் விடாது.

ஓட்டை போடுவது பறக்கிற பூச்சி இல்லை, அதன் புழு. வெறும் கெரட்டினில் அது நன்றாக வளராது. பி வைட்டமினும் உப்பும் வேண்டும். வியர்வையும் சிந்திய காபியும் அதைத்தான் தருகின்றன. மூன்று ஓட்டையும் அதே இடத்தில் விழுந்தது எப்படி என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

அந்துருண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. நாப்தலீன் ஆவி நெருக்கமாகச் சேர்ந்து நின்றால்தான் பூச்சியைக் கொல்லும். வாய் திறந்த கவரில் நாலு உருண்டை போட்டால் நமக்கு நாற்றம், அதற்கு ஒன்றுமில்லை. ஐரோப்பிய யூனியனில் நாப்தலீன் உருண்டைக்கு 2008-லேயே தடை. ஜி6பிடி குறைபாடுள்ள பச்சைக் குழந்தைக்கு அந்துருண்டை போட்டு வைத்த துணியைச் சுற்றினால் சிவப்பணுக்கள் சிதையலாம். எங்கள் விஷயத்தில் வேறொரு நஷ்டமும் உண்டு. கவரைத் திறந்ததும் அம்மா முகர்ந்து பார்த்தாள். உருண்டை வாசனை மட்டும்தான் இருந்தது.

இதில் என்ன வேடிக்கை என்றால், இல்லாத அந்த ஆறாவது குறி அம்மாவுக்கு மனப்பாடம். கல்யாணப் பட்டை உடுத்திய அன்றே உள்ளே வைக்கமாட்டாள். வேர்வை போக நிழலில் ஆறப்போட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி வைப்பாள். பட்டும் புரதம்தானே. ஸ்வெட்டர் வெளிநாட்டுச் சாமான் என்பதால் அதன் லேபிளை நம்பினோம்.

இப்போது துவைத்தாகிவிட்டது, அம்மாவே சம்மதித்தாள். முட்டை எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாதென்று காற்றை வெளியேற்றிய ஜிப் கவரில் ஃப்ரீசரில், மைனஸ் 18-இல் இரண்டு வாரம் வைத்தேன் (அந்தப் பதினைந்து நாளும் பெரிய கரண்ட் கட் இல்லை, புண்ணியம்). எடுத்ததும் கவரைத் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரித்தேன், இல்லாவிட்டால் வியர்த்து ஈரமாகும். வேட்டித் துணியில் சுற்றிப் பட்டுச்சேலைகளோடு வைத்திருக்கிறது. அவை வெளியே வரும்போது இதுவும் வரும்.

ஐந்து ஓட்டையும் அப்படியே இருக்கின்றன. பாளையங்கோட்டைப் பக்கம் பின்னல் துணிக்கு நன்றாக டார்னிங் போடுகிறவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். நிறம் சாம்பல், கொஞ்சம் நீலம் ஓடும்.