மாய உலகில் சமைப்பது யார்?

கடந்த சில மாதங்களாக மிகுபுனைவு நாவல்களையே அதிகம் வாசித்து வருகிறேன். ஒவ்வொன்றை முடிக்கும்போதும் ஒரே கேள்விதான் எழுகிறது: இந்த உலகில் சமைப்பது யார்? டிராகன் பறக்கிறது, மலை நகர்கிறது, செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள். வீரர்கள் போய் இறங்கும் விடுதியில் சூடான கஞ்சி எப்போதும் தயாராக இருக்கிறது. அதைக் காய்ச்சியவளின் பெயர் மட்டும் நமக்குத் தெரிவதில்லை. எதையும் புதிதாகக் கற்பனை செய்ய முடிகிற ஓர் இலக்கிய வகை, அடுப்படியை மட்டும் இருந்தபடியே விட்டுவைப்பது ஏன்?

அம்புலிமாமா படித்து வளர்ந்த நமக்கு, ராஜகுமாரி என்பவள் பாதி ராஜ்யத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் பரிசு. இன்றைய நாவல்கள் பல அவள் கையில் வாளைக் கொடுத்துவிட்டன. அது நல்லதுதான். ஆனால் வாளெடுத்தவள் விட்டுப்போன வேலையை இன்னொரு பெண் பேச்சில்லாமல் செய்துகொண்டிருந்தால், அதை விடுதலைக் கதை என்று எப்படிச் சொல்வது? அந்த வேலையைக் கதைக்குள் கொண்டுவந்த நான்கு ஆக்கங்களைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

முதலாவது, உர்சுலா கே. லெ குவின் 1990இல் வெளியிட்ட 'டெஹானு'. அவருடைய எர்த்ஸீ வரிசையின் முதல் நாவல் வந்தது 1968இல். அந்த உலகில் மந்திரக் கல்லூரி ஆண்களுக்கு மட்டும். கிராமத்து மருத்துவச்சியின் மந்திரம் மட்டமானது. மூன்றாம் நாவலுக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, தான் படைத்த உலகையே லெ குவின் கேள்விக்கு உள்ளாக்குகிறார். நாயகி டெனார் நடுத்தர வயது விதவை. ஆடு மேய்க்கிறாள், சமைக்கிறாள், சொந்தக்காரர்களே சிதைத்துத் தீயில் தள்ளிய ஒரு சிறுமியை வளர்க்கிறாள். பெரும் மந்திரவாதியான கெட் தன் சக்தியெல்லாம் இழந்து வந்து சேர்கிறான். டெனாரின் மகன் பாத்திரம் கழுவுவது பெண்கள் வேலை என்று ஒதுங்க, கழுவுவது கெட். இதில் சாகசம் இல்லை என்று சலித்துக்கொண்ட வாசகர்கள் உண்டு. எனக்கோ அந்த வரிசையிலேயே துணிச்சலான நாவல் இதுதான். அதிகாரம் போன பிறகு ஓர் ஆண் எதைக் கற்றுக்கொண்டு வாழ முடியும் என்று கேட்ட மிகுபுனைவு வேறு அதிகம் என் கண்ணில் படவில்லை.

மடலின் மில்லரின் 'சர்ஸி' (2018) கிரேக்க இதிகாசத்திலிருந்து எடுத்த கதை. மாலுமிகளைப் பன்றிகளாக்கும் சூனியக்காரியாகவே ஹோமரில் நாம் அவளைப் பார்க்கிறோம். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்கு அங்கே காரணம் இல்லை. மில்லர் காரணம் தருகிறார்: பாலியல் வன்முறை. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. இந்த நாவலில் மந்திரம் பிறப்பிலேயே கிடைக்கும் தெய்வீகம் அல்ல. மூலிகையைத் தேட வேண்டும், தோண்ட வேண்டும், உலர்த்தி அரைக்க வேண்டும். பிசகினால் மறுபடியும் தொடங்க வேண்டும். கைக்குழந்தையோடு தூக்கமின்றித் தவிக்கும் பக்கங்களும் அதே கவனத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் தண்டனையாக அவள் தீவுக்கு அனுப்பப்படும் இளம் அணங்குகளை சர்ஸி பெரும்பாலும் தொந்தரவாகவே பார்க்கிறாள். அவர்களும் தந்தையரால் துரத்தப்பட்ட மகள்கள்தானே? நாவல் அவர்கள் பக்கம் திரும்புவதில்லை. ஹோமரிலும் சர்ஸியின் மேசையை விரித்து மது கலந்து வைப்பவர்கள் நான்கு பணிப்பெண்கள்தான்.

நவோமி நோவிக்கின் 'ஸ்பின்னிங் சில்வர்' (2018) இந்த இடத்தில் ஒரு படி முன்னே போகிறது. வைக்கோலைப் பொன்னாக நூற்கச் சொல்லி ஒரு பெண்ணை அடைத்துவைக்கும் பழைய ஜெர்மானியக் கதையின் மறு ஆக்கம் இது. மிரியெம் யூத வட்டிக்காரரின் மகள். கொடுத்த கடனைக் கேட்கத் தந்தை கூசுகிறார். ஊரார் அவர் பணத்தில் வாழ்ந்துகொண்டு அவரையே வெறுக்கிறார்கள். வீட்டில் தாய் நோயில் கிடக்கிறாள். மகள் வீடு வீடாகப் போய் வசூலிக்கிறாள். வெள்ளியை அவள் பொன்னாக்கும் 'மந்திரம்' முதலில் வெறும் வியாபாரம்: வாங்குவது, நகையாக்கி விற்பது. அப்பன் பட்ட கடனுக்காக அவள் வீட்டில் வேலைக்கு வரும் வாண்டாவுக்குக் கணக்கும் எழுத்தும்தான் மந்திரம். குடிகார அப்பனிடமிருந்து தப்ப அவளுக்குக் கிடைத்த வழி கூலி வேலை. வேலைக்காரப் பெண்ணுக்குச் சொந்தக் குரல் கொடுத்து, அவள் கூலியையும் கணக்கில் வைத்த நாவல் என்பதால் இதைக் கொண்டாடுகிறேன். தன்னைக் கடத்திப்போன பனியுலக அரசனையே மிரியெம் கடைசியில் மணப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவன் திருந்துகிறான், முறைப்படி பெண் கேட்டு வருகிறான், சரி. ஆனால் கடத்தலைக் காதலின் முதல் அத்தியாயமாக்கும் பழக்கத்தை இவ்வளவு புத்திசாலியான நாவலும் விடவில்லையே.

கடைசியாக வாசித்தது இவை எல்லாவற்றையும்விடப் பழையது. ரொக்கையா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் நம் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற ஆங்கில இதழில் வெளியானது. கனவில் விரியும் பெண்கள் நாட்டில் சமையலறைக்குக் கரியும் இல்லை, புகையும் இல்லை. சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டு வீட்டுவேலையைப் பார்க்கிறார்கள். பெண்கள் அலுவலக வேலையை இரண்டே மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அடைப்பை ஒழிக்காமல் ஆளை மாற்றி அடைத்தால் போதுமா என்று கேட்கலாம், நானும் கேட்கிறேன். ஆனால் அந்தப் பகடியின் இலக்கு, பெண்களை உள்ளே வைப்பது இயல்பு என்று நம்பியவர்கள். புதிய நாட்டைக் கற்பனை செய்யும்போதே அடுப்படியின் புகையையும் யோசித்தார் ரொக்கையா. பறக்கும் வாகனத்துக்கும் புகையில்லாத அடுப்புக்கும் அந்தச் சிறுகதையில் ஒரே மரியாதை.

ஆங்கிலத்தில் ஒரே அமர்வில் முடித்துவிடக்கூடிய கதை அது. மாணவிகள் அதிலிருந்து தொடங்கலாம். பிறகு எந்த மாய உலகுக்குள் போனாலும் நாயகியின் வாளைப் பாருங்கள், கூடவே அவள் சாப்பிட்ட தட்டை யார் எடுத்துப்போகிறார்கள் என்றும் பாருங்கள்.