தகடூர் வேல்

உத்தியோகத்தில் உயர முதலில் பெயரைப் பரப்பிக் கொள்ள வேண்டுமாம். இன்று அப்படித்தான் உபதேசிக்கிறார்கள். தர்மபுரியின் பழம் பெயர் தகடூர். அதன் தலைவன் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, புறநானூறு 95-ல் இதற்குப் பதில் சொல்லிவிட்டாள். தொண்டைமானின் வேல்கள் பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசி, அரண்மனையில் இருக்கின்றன. அதியமானுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்கிற பாட்டு. உழைத்த கருவி பளபளப்பதில்லை!

அதற்காக, அதியமான் விளம்பரமே அறியாதவன் என்று நான் சொல்லவில்லை. 1981-ல் கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டில் அவன் பெயர் பட்டத்தோடு இருக்கிறது. ஆனால் அந்த ஒற்றை வரி, அவன் கொடுத்த பாழியில்தான் முடிகிறது. பெயரைப் பொறிக்கட்டும், பெயரோடு வரி நின்றுவிடக் கூடாது என்பதே என் கட்சி.