கரப்பானுக்கு மட்டும் புரிந்த தீர்ப்பு

இயன் மக்யூவனின் 'தி காக்ரோச்' 2019 செப்டம்பரில், பிரெக்ஸிட் சண்டை உச்சத்தில் இருந்தபோது வந்த குறுநாவல். காஃப்காவைத் தலைகீழாகத் திருப்பிய கதை. காலையில் கண்விழிக்கும் கரப்பான்பூச்சி ஒன்று, தான் பிரிட்டிஷ் பிரதமர் ஜிம் சாம்ஸாக மாறியிருப்பதைப் பார்க்கிறது. பொதுவாக்கெடுப்பில் ஜெயித்த 'ரிவர்சலிசம்' திட்டத்தை நிறைவேற்றுவது அதன் வேலை. அதாவது, பணம் எதிர்த்திசையில் ஓடும். வேலை பார்க்க நாம் காசு கட்ட வேண்டும். கடைக்குப் போனால் பொருளோடு காசும் தருவார்கள்.

சிரிப்பு வருகிறது, மறுக்கவில்லை. மனிதப் பிரதமர் தயங்கிக்கொண்டிருந்தவர்; பூச்சிக்குத் தயக்கமே கிடையாது. மக்கள் சொன்னதை அப்படியே செய்ய ஒரு பூச்சியால்தான் முடியும் என்பது மக்யூவனின் கிண்டல். சரி, அந்த 'அப்படியே' என்பது என்ன?

2016 ஜூன் 23 வாக்குச்சீட்டில் கேட்டது ஒன்றுதான்: ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா? 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இந்த மாதிரி ரெக்வயர்மென்ட் நல்லாவே தெரியும். "பழைய சிஸ்டத்தைத் தூக்கிடுங்க." சரி சார், அதுல இருக்கிற டேட்டாவை என்ன பண்றது? பதில் வராது, டெட்லைன் வரும்.

நார்வே போல ஒன்றியத்துக்கு வெளியே நின்று ஒற்றைச் சந்தைக்குள் இருக்கலாம். ஒப்பந்தமே இல்லாமல் கிளம்பலாம். இரண்டுமே அந்தச் சீட்டுக்கு விசுவாசம்தான். ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டால் அயர்லாந்துத் தீவிலோ நடுக்கடலிலோ சரக்குச் சோதனை வந்தாக வேண்டும். அதைப் பற்றியும் சீட்டில் ஒரு வார்த்தை இல்லை. 2019 ஜனவரியில் தெரசா மேயின் ஒப்பந்தம் 432-க்கு 202 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் சிலருக்கு அது போதாத வெளியேற்றம், சிலருக்கு வெளியேறுவதே பிடிக்கவில்லை. மார்ச் 27 அன்று எட்டு மாற்று வழிகளை வாக்குக்கு விட்டார்கள். எட்டுமே தோற்றன. இதில் மக்கள் தீர்ப்பை மதித்தவர் யார், துரோகம் செய்தவர் யார்?

நாவல் கோட்டைவிடுவது இங்கேதான். ரிவர்சலிசத்தில் குழப்பமே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று குழந்தைக்கும் புரியும். அதனால் சண்டை பைத்தியத்துக்கும் புத்திசாலிக்கும் நடக்கும் சண்டையாகச் சுருங்கிவிடுகிறது. புத்திசாலி யார் என்பதில் மக்யூவனுக்குச் சந்தேகமும் இல்லை, பாவம்.

நினைவில் நிற்கும் வாக்காளர் ஒருவர்கூடக் கதையில் கிடையாது. நிஸான் தொழிற்சாலை இருக்கும் சண்டர்லேண்டில் 61 சதவீதம் வெளியேறவே வாக்களித்தது. அங்கே தயாராகும் கார்களில் பெரும்பகுதி விற்பனைக்குப் போனது ஐரோப்பாவுக்கு. அந்தத் தொழிலாளி எந்த வெளியேற்றத்தை நினைத்து ஓட்டுப் போட்டார் என்று கேட்க, சுமார் நூறு பக்கத்தில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.