கரகரப்பைத் திருத்த வேண்டாம்

2023 டிசம்பர் 2 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் கிஸ் குழு தன் கடைசிக் கச்சேரியை முடித்தது. முடித்த கையோடு திரையில் நால்வரின் டிஜிட்டல் உருவங்கள் வந்து நின்றன; இனி மேடை இவற்றுக்குத்தான் என்றார்கள். அன்றிலிருந்து ஒரு சாரார் ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்: மூப்பில்லாத உடல், பிசகாத குரல், எல்லா இரவும் ஒரே தரம், கிளாசிக் ராக் ரசிகனுக்கு வேறென்ன வேண்டும்? நிறையவே வேண்டும். ராக் மேடையின் வரலாற்றை கிதார் வீரர்களின் புராணமாகவே எழுதிப் பழகியதால் வந்த வினை இது. அதே வரலாற்றை ஒலிப்பொறியாளரின் மேசைப் பக்கமிருந்து பார்த்தால் இந்தப் பல்லவி எடுபடாது.

தொடக்க காலத்தில் நின்று பார்க்க அதிகமில்லை. 1965 ஆகஸ்டில் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸைக் காண 55,000 பேருக்கு மேல் கூடினார்கள். இசைக்கு 100 வாட் வாக்ஸ் ஆம்ப்கள். குரலுக்கு அரங்கத்தின் அறிவிப்பு ஸ்பீக்கர்களையும் நம்பவேண்டிய நிலை. கூச்சலில் தாங்கள் பாடுவது அவர்களுக்கே கேட்கவில்லை. மறு ஆண்டு கேண்டில்ஸ்டிக் பார்க் கச்சேரியுடன் அவர்கள் சுற்றுப்பயணத்துக்கு முழுக்குப் போட்டதில் வியக்க ஒன்றுமில்லை.

அந்த அவலத்தைத் தீர்த்தவர்களின் பெயர் எந்த ரசிகரின் பனியனிலும் இருக்காது. லண்டனில் சார்லி வாட்கின்ஸ் தன் வெம் ஆம்ப்களைத் தொடராகக் கோத்து, 1967 விண்ட்சர் விழாவில் 1,000 வாட்டை எட்டினார். அமெரிக்காவில் பில் ஹான்லி வுட்ஸ்டாக்குக்கும் நியூயார்க்கின் பில்மோர் ஈஸ்ட் அரங்குக்கும் ஒலி அமைத்தார். வாசிப்பவருக்குத் தன் வாசிப்பும் பக்கத்தில் நிற்பவரின் வாசிப்பும் காதில் விழத் தொடங்கிய பிறகுதான், பாட்டை இழுக்கவும் உடைக்கவும் துணிவு வந்தது. 1969 முதல் 1974 வரையிலான அந்த ஐந்தாறு ஆண்டுகளைத்தான் ராக் மேடையின் பொற்காலம் என்பேன்.

1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் தி ஹூ வாசித்ததை எடுத்துக்கொள்வோம். அந்தக் கச்சேரி வட்டின் உறை திருட்டுப் பதிப்பின் சாயலில் வெறும் பழுப்பு அட்டை. நடுவிலிருந்த லேபிளில், கரகரப்பு இருக்கட்டும், திருத்தவேண்டாம் என்று கையெழுத்தில் ஒரு குறிப்பு. உள்ளே கீத் மூன் தாளத்தைக் காப்பதில்லை, துரத்துகிறார். ஜான் என்ட்விசிலின் பேஸ், துணைக்கருவி என்ற அடக்கமே இல்லாமல் முன்னால் வந்து உறுமுகிறது. ஸ்டூடியோ வட்டில் மூன்று நிமிடச் சொச்சமாக இருந்த ‘மை ஜெனரேஷன்’ அன்று கால் மணி நேரத்தைத் தொட்டது. நடுவில் அவர்களின் ராக் ஆப்பெரா ‘டாமி’யின் துண்டுகள் வந்து போகின்றன. டவுன்ஷெண்ட் கிதாரை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் மற்ற இருவரும் அவர் எங்கே போகப்போகிறார் என்று காத்திருப்பது ஒலியிலேயே தெரிகிறது.

அடுத்த ஆண்டு மார்ச் 12, 13 தேதிகளில் பில்மோர் ஈஸ்டில் ஆல்மன் பிரதர்ஸ். தயாரிப்பாளர் டாம் டௌட். முன்னறிவிப்பின்றி மேடையேறிய ஊதுகருவிக்காரர்களைக் கழற்றிவிடச் சொன்னவர் அவர். கச்சேரி முடிந்ததும் குழுவை அட்லாண்டிக் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் அன்றைய டேப்பைப் போட்டுக் கேட்க வைத்தவரும் அவரே. ‘விப்பிங் போஸ்ட்’ ஸ்டூடியோவில் ஐந்து நிமிடம்; இங்கே இருபத்து மூன்று. பெர்ரி ஓக்லியின் பேஸ் பதினோரு எண்ணிக்கையில் உருண்டு தொடங்குகிறது. பாதி வழியில் தாளம் மொத்தமாகக் கரைந்துபோய், டுவேன் ஆல்மனும் டிக்கி பெட்ஸும் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுக்கிறார்கள். தோடியை வட்டில் இருப்பதுபோலவே பாடுங்கள் என்று எந்த சபா ரசிகரும் கேட்பதில்லையே, அந்த நியாயம்தான் இங்கும். மனோதர்மம் என்றால் மனம்போன போக்கு என்று நினைப்பவர்களுக்கு டௌடின் கண்டிப்பே பதில்.

1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் டீப் பர்ப்பிள் பதிவுசெய்த ‘மேட் இன் ஜப்பான்’ இதே வரிசைதான். ஜப்பானுக்கு மட்டும் என்று அரைமனதாக ஒப்புக்கொண்ட பதிவு, அவர்களின் பல ஸ்டூடியோ வட்டுகளை ஓரங்கட்டிவிட்டது.

வாசிப்பவர்கள் தங்களைத் தாங்களே கேட்கவேண்டும் என்ற தேடலின் உச்சம் கிரேட்ஃபுல் டெட் குழு 1974இல் நிறுத்திய ஒலிச்சுவர். அவ்ஸ்லி ஸ்டான்லியும் கூட்டாளிகளும் 600க்கும் மேற்பட்ட ஸ்பீக்கர்களை வாசிப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் அடுக்கினார்கள். அதனால் கூட்டம் கேட்டதையே மேடையும் கேட்டது. பின்னாலிருந்து வரும் ஒலி மைக்கில் புகுந்து ஊளையிடாதா? ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக், ஒன்றுக்கொன்று எதிர்த்துருவத்தில். பாடுவது ஒன்றில் மட்டும். இரண்டிலும் சமமாக விழும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, குரல் மட்டும் மிஞ்சும். செலவு தாளாமல் அக்டோபருக்குள் அதைக் கைவிட்டார்கள்.

அவர்களின் கச்சேரிகளை மேசையிலிருந்து பதிவுசெய்தவர்களில் தலையானவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். 1977 மே 8 கார்னெல் கச்சேரி இன்று காவியமாகப் பேசப்படுவது அவர் டேப்பால். அவர் வைத்திருந்த டேப்புகள், கிடங்கு வாடகை கட்டாததால் 1986இல் ஏலத்தில் போயின. பின்னாளில் அதே கார்னெல் பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. குழுவின் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியாவைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். பெட்டிக்கு அடிக்குறிப்புதான்.

பிறகு சரிவு. 1975இல் ‘அலைவ்!’ என்ற பெயரில் வந்த நேரடி வட்டை வெளியிடுமுன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒட்டுப்போட்டுச் சரிசெய்த குழு எது? இதே கிஸ்தான். டிஜிட்டல் உருவத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்ததில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. 1980இல் பிங்க் ஃப்ளாய்ட் ‘தி வால்’ கச்சேரியை, தங்கள் முகமூடி அணிந்த மாற்றுக் குழு ஒன்றை மேடையேற்றித் தொடங்கியது. மேடையில் நிற்பது யாராக இருந்தால் என்ன என்று மைதானத்துக் கூட்டத்தைப் பார்த்து ரோஜர் வாட்டர்ஸ் செய்த குரூரமான கேலி அது. இன்று அந்தக் கேலியையே வியாபாரத் திட்டமாக்கி விற்கிறார்கள். இன்றைய பெரிய கச்சேரிகள் பலவற்றில் திரைக்கும் விளக்குக்கும் ஈடுகொடுக்க, ட்ரம்மரின் காதில் தாளத்தை எண்ணிக்கொடுக்கும் கிளிக் ட்ராக் ஓடுகிறது. அங்கே யாரும் யாருக்காகவும் காத்திருக்க முடியாது.

கிழவர்கள் உச்சஸ்தாயியில் திணறுவதைக் காசு கொடுத்துப் பார்க்கவேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. விடை 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் கிடைத்தது. லெட் செப்பலின் குழு பல பாடல்களின் சுருதியைப் பாடகர் ராபர்ட் பிளாண்டின் குரலுக்கேற்ப இறக்கிக்கொண்டது. பாட்டு கனத்தது, இருண்டது. ‘காஷ்மீர்’ இளமையில் பாடியதைவிட அச்சுறுத்துவதாக இருந்தது. வயதை மறைக்காமல் அதற்கேற்ற இசையைக் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே எஞ்சியிருக்கும் குழுக்களுக்கு வழி திறந்தே கிடக்கிறது: சுருதியை இறக்குங்கள், அரங்கைச் சிறிதாக்குங்கள், கிளிக்கை அணையுங்கள். மறைந்தவர்களை என்ன செய்வது என்று கேட்கும் முதலீட்டாளர்களுக்கும் வேலை இருக்கிறது. உருவங்களில் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை, கிடங்குகளில் மக்கிக்கொண்டிருக்கும் டேப்புகளைத் தேடிப் பதிப்பிக்கச் செலவிடட்டும். பதிவுசெய்தவரின் பெயரை உறையின் முன்பக்கம் அச்சிடட்டும். கரகரப்பைத் திருத்த வேண்டாம்.